அரிவரி ரீச்சர்

(யாழ்ப்பாணத்தில், ஒரு சபை மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

போதகர் ஐயா அவர்களுக்கும், என் அம்மம்மாவோடு சேர்ந்து படிப்பித்த ரீச்சர்மாருக்கும், அவரிடம் படித்து வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அம்மம்மா தன் ஆசிரிய வாழ்க்கை முழுவதையும், பிள்ளைகள் எழுத்துப் பழகத் தொடங்கும் அரிவரி வகுப்பிலும் அதற்கு அடுத்த இரண்டு வகுப்புகளிலுமே கழித்தார். மேல் வகுப்புக்குப் போகும் வாய்ப்பு வந்தபோதும் போகவில்லை. தலைமை ஆசிரியப் பொறுப்பையும் ஏற்கவில்லை. கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவர், ஆங்கிலமும் நன்றாக வாசிப்பவர், ஏன் இந்தச் சின்னப் பிள்ளைகளோடு மாரடிக்கிறார் என்று எங்கள் வீட்டிலேயே கேட்டவர்கள் உண்டு. ஊரில் சிலர் அவருக்குக் கெட்டித்தனம் போதாது என்றே நினைத்தார்கள். இன்று நான் பேச வந்தது அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான்.

ஒரு பிள்ளைக்கு எழுத்து எப்படி வருகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் பாரம் தெரியும். அம்மம்மாவின் வகுப்பில் முதல் கிழமைகளில் கொப்பியும் பென்சிலும் கிடையாது. முற்றத்து மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பார். 'அ' என்ற எழுத்தின் சுழி எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் சிலேட். கணக்குக்கு ஈர்க்கு. பத்து ஈர்க்கை வாழைநாரால் கட்டினால் அது ஒரு பத்து. அவிழ்த்தால் மறுபடியும் பத்து ஒன்றுகள். கட்டுவதையும் அவிழ்ப்பதையும் பிள்ளைகளே செய்ய வேண்டும். பதின்மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்க முடியாமல் முழிக்கிற பிள்ளையிடம் விளக்கம் எதுவும் சொல்ல மாட்டார். கட்டைக் கையில் கொடுத்து, 'அவிழ்த்துப் பார்' என்பார். பெரிய கல்லூரிகளில் கணிதம் படிப்பிக்கிற ஒருவர், இங்கே முன்வரிசையில் இருக்கிறார், இடமதிப்பு என்றால் இன்றும் தன் நினைவுக்கு வருவது அந்த வாழைநார்தான் என்று என்னிடம் சொன்னார்.

ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றி அம்மம்மா அதிகம் பேசியதில்லை. அவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். அவருடைய கண் எப்போதும் பின்வரிசை வாங்கில் இருக்கும். இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளை ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு இருக்கும். சில பிள்ளைகளுக்குக் கண் சரியாகத் தெரியாது. சில பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வரும். சில பிள்ளைகள் தாய் தகப்பனோடு தோட்டத்துக்கோ கடலுக்கோ போய் நித்திரை கொள்ளாமல் வரும். காரணம் என்ன என்று தெரியும்வரை அம்மம்மா விடமாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பிள்ளையின் வீட்டு ஒழுங்கைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். 'இந்தப் பிள்ளைக்கு ஏலாது' என்று ஒரு ஆசிரியர் சொல்வதை அவரால் தாங்க முடியாது. வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை தன் வகுப்பைவிட்டுப் போனால் அது தான் கர்த்தருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடன் என்று நம்பினார். அதைப் பிரசங்கமாக அவர் சொன்னதில்லை. கேட்டால் மட்டும், 'பிள்ளை என்னட்டைத்தானே வந்தது, நான்தானே பாக்கவேணும்' என்பார்.

சரி, இந்த மண்ணில் பெண்கள் படித்த வரலாற்றைச் சொல்லும்போது நாம் வழக்கமாக எங்கே தொடங்குகிறோம்? 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி என்ற உயர்கல்விக்கூடம். 1824இல் ஹரியட் வின்சிலோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1833இல் இங்கேயே இறந்தார். 1840இல் வந்த எலைசா அக்னியூ அந்தப் பாடசாலையை ஏறக்குறைய நாற்பது வருடம் நடத்தினார். தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். இவையெல்லாம் போற்ற வேண்டிய செய்திகள்தான். உடுவில் மகளிர் கல்லூரி 2024இல் இருநூறு வருடத்தைக் கண்டபோது நானும் பெருமைப்பட்டேன்.

ஆனால் அந்த ஆயிரம் பெண்களும் பிறகு என்ன செய்தார்கள்? அங்கேதான் வரலாறு மெலிந்து போகிறது. அவர்களில் பலர் ஆசிரியைகளானார்கள். தங்கள் தங்கள் ஊர்களில், ஓலை வேய்ந்த ஒரு மண்டபத்தில், கோயில் மணி அடிக்கிற கையாலேயே பள்ளிக்கூட மணியையும் அடித்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களிடம் படித்த பெண்கள் அடுத்த தலைமுறை ஆசிரியைகள். அந்த வரிசையில் ஒருவர்தான் என் அம்மம்மா. மிஷனரிமாரின் பெயர் கட்டடங்களில் இருக்கிறது. அரிவரி ரீச்சர்மாரின் பெயர், வரவு இடாப்பின் கடைசிப் பக்கத்தில் கையொப்பமாக இருந்தால் உண்டு. யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமை என்று நாம் சொல்லிக்கொள்வதைச் சுமந்தவர்கள் இவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிஷன் கல்வி எல்லாருக்கும் நிம்மதியாக வந்து சேரவில்லை. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி வந்தால்தான் படிப்பும் உத்தியோகமும் என்ற நிலைமை சைவக் குடும்பங்களைக் காயப்படுத்தியது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதற்கும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு கல்லூரியை அமைத்ததற்கும் அந்தக் காயத்தில் வேர் இருக்கிறது. அம்மம்மா இதை நன்றாக அறிந்தவர். இராமநாதன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால், பெண்பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தாலும் வாசல் திறந்தது என்று சந்தோஷமாகச் சொல்வார்.

அவர் படிப்பித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சைவப் பிள்ளைகள். 1960, 1961 சட்டங்களால் மிஷன் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, அவருடைய பாடசாலையும் அரசாங்கப் பள்ளிக்கூடமாகியது. சபையில் பலருக்கு அது பெரிய துக்கம். அம்மம்மாவுக்கும் துக்கம்தான். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அதே கதிரையில் இருந்து அதே பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். சைவசமய பாடத்துக்கு ரீச்சர் வராத நாட்களில், பரீட்சை நெருங்கினால், பிள்ளைகளுக்குத் தேவாரம் பாடமாகிவிட்டதா என்று அவரே ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்ப்பார். ஒரு எழுத்துப் பிசகினாலும் திருத்துவார். கிறிஸ்தவர் ஒருவர் இப்படிச் செய்யலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். 'அது அந்தப் பிள்ளையின்ரை ஜெபம், பிழையாச் சொல்ல விடலாமே?' என்றாராம். இதைவிட நல்ல கிறிஸ்தவச் சாட்சியை நான் கேட்டதில்லை.

இப்போது சொல்லப் போவது கொஞ்சம் கசப்பானது. இந்த மண்ணில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாங்கில் இருந்து படிக்கவில்லை. சாதி சொல்லிச் சில பிள்ளைகளை நிலத்தில் இருத்தினார்கள், வெளியே நிறுத்தினார்கள். 1930ஆம் ஆண்டளவில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம், அதாவது சமமான இருக்கை, கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்துப் பாடசாலைகளையே எரித்தார்கள். எங்கள் சபைகளும் இதில் சுத்தமாக இருக்கவில்லை. கோயிலுக்குள் ஒரே பாத்திரத்தில் இராப்போசனம் எடுத்தவர்கள், வெளியே வந்ததும் வேறு வேறு மனிதர்களானார்கள்.

அம்மம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உத்தரவு பழசாகியிருந்தது. வழக்கம் மட்டும் பழசாகவில்லை. வாங்கு எல்லாருக்கும் பொதுதான், ஆனால் எந்தப் பிள்ளை எந்த வாங்கில் என்பது ஊருக்குத் தெரியும். அவர் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பு முழுவதையும் இடம் மாற்றி இருத்துவார். முன்வாங்கு பின்னுக்குப் போகும், சுவர்ப்பக்கம் யன்னல் பக்கத்துக்கு வரும். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பேணி. எல்லாரும் அதில்தான் குடிக்க வேண்டும், முதலில் அவரே குடிப்பார். ஒரு தகப்பன் வந்து சண்டை பிடித்தார். தன் பிள்ளையை இன்னாரின் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தக் கூடாது என்றார். அம்மம்மா சொன்ன பதில் இன்றும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்: 'இது என்ரை வகுப்பு. இஞ்சை ஆர் எங்கை இருக்கிறது எண்டதை நான்தான் பாப்பன். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ, ஆனால் பிள்ளைதான் அழும்.' பிள்ளை போகவில்லை. கொஞ்ச நாள் தகப்பன் மட்டும் எங்கள் படலைப் பக்கம் வராமல் இருந்தார்.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்று கேட்பீர்கள். வீட்டிலும் ரீச்சர்தான், ஆனால் மடி உள்ள ரீச்சர். பின்னேரம் புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் கிடைக்கும். விளக்கு வைத்ததும் ஜெபம். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். 'ழ' வராமல் 'ள' வந்தால் சங்கீத வாசிப்பு அங்கேயே நிற்கும். நாங்கள் தமிழை ஒழுங்காக வாசிக்கப் பழகியது அந்த விறாந்தையில், வேதாகமத்தின் வழியாக.

அதன்பிறகு அவருடைய ஜெபம். முதலில் எங்கள் பெயர்கள் வரும். வெளிநாட்டில் இருக்கிற மாமாமாரின் பெயர்கள் வரும். அதற்குப் பிறகு எங்களுக்கு யாரென்றே தெரியாத பெயர்கள் வரும். அவர்கள் யார் என்று வெகுகாலம் எங்களுக்கு விளங்கவில்லை. வாசிக்க வராத அந்த வருடத்துப் பிள்ளைகள் அவர்கள். ஒரு பெயர் ஜெபத்திலிருந்து காணாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். சில பெயர்கள் மாதக்கணக்கில் நின்றன. ஒரு பெயர் மட்டும் வருடங்கள் கடந்தும் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை படிப்பை இடையில் விட்டுவிட்டது.

யுத்தகாலத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, இங்கே இருக்கிற பாதிப்பேர் அதற்குள் வாழ்ந்தவர்கள். 1990இல் மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. அப்போது அம்மம்மா ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் பின்னேரங்களில் பிள்ளைகள் எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரியைப் பிடித்து எரிய வைத்த விளக்கு ஒன்று. அதைச் சுற்றித் தலைகள். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் உண்டு. எழுத வாசிக்க மட்டும் பழகிக் கடை நடத்துகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரித்தான் அம்மம்மா விசாரிப்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமப் பகுதிச் சனமே எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சனத்தோடு சனமாக அம்மம்மாவும் நடந்தார். கையில் வேதாகமம், எங்கள் சான்றிதழ்கள், ஒரு பெட்டி வெண்கட்டி. வெண்கட்டி எதற்கு என்று அம்மா ஏசினார். தென்மராட்சியில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் குடும்பத்துக்கு ஒரு மூலை. அடுத்த கிழமையே அம்மம்மா அங்கிருந்த சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மாமரத்துக்குக் கீழே இருத்தினார். சிமெந்துத் தரைதான் கரும்பலகை. தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் போக முடிந்தது. அடுத்த வருடம் ஊர் திரும்பும்வரை அந்த வகுப்பு நடந்தது.

இன்றைக்கு வருவோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிவு வந்தால் பள்ளிக்கூட மதிலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தோடு பெரிய பதாகை. ரியூசன் வாசலில் இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே வகுப்பில், அதே மதிலுக்குள், ஒரு பந்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளையும் இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. பரீட்சை நாளில் பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்று பெற்றோரே நினைக்கிற நிலைமையைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலிக்கிறது.

அம்மம்மாவின் பெயரில் ஒரு நினைவுக்கல் வைக்கலாமா, ஒரு பரிசு கொடுக்கலாமா என்று சபையார் கேட்டீர்கள். குடும்பமாக இருந்து யோசித்தோம். இரண்டு காரியம் செய்ய விரும்புகிறோம். முதலாவது, அவரோடும் அவருக்கு முன்னும் இந்தப் பகுதியில் கீழ் வகுப்புகளில் படிப்பித்த ரீச்சர்மாரைப் பற்றி உங்கள் வீடுகளில் இருக்கிற படம், கடிதம், பழைய இடாப்பு, நினைவு மலர் எதுவானாலும் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். நூலக நிறுவனத்தார் இப்படியானவற்றை எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்துவருகிறார்கள், அவர்களிடமும் சேர்ப்போம்.

இரண்டாவது, சனிக்கிழமைகளில் இந்த மண்டபத்தில், வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளோடு இருந்து வாசிக்க ஆட்கள் வேண்டும். சமயம் கேட்க மாட்டோம், காசு வாங்க மாட்டோம், பரீட்சை வைக்க மாட்டோம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். ஓய்வு பெற்ற ரீச்சர்மார் வந்தால் பெரிய உதவி, உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும் வரலாம். கொப்பியும் சிலேட்டும் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். ஈர்க்கு மட்டும் யாராவது கொண்டுவாருங்கள். வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது, வரக்கூடியவர்கள் தேநீர் குடிக்கப் போகும் முன்பு பெயரையும் எந்தச் சனிக்கிழமை வசதி என்பதையும் அதில் எழுதிவிடுங்கள்.