கையெழுத்தோடு உறையையும் வைத்திருங்கள்

வணக்கம் நேயர்களே. பேஸ்பால் கார்டு என்றால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சிறிய அட்டை. ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்ட அப்படிப்பட்ட பழைய கார்டுகள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் கிடைத்தால், அதை ஏலத்தில் எப்படி விற்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வேரூன்றிவிட்ட குடும்பங்களில் மருமகளின் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இப்படி ஒரு பெட்டி இறங்கி வருவதை நானே பார்த்திருக்கிறேன். உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி, "எவ்வளவு போகும்?" நான் திருப்பிக் கேட்பது, "அது தபாலில் வந்த உறை இருக்கிறதா?"

ஏன் உறை? சொல்கிறேன்.

1933-ல் பாஸ்டனில் இருந்த கௌடி என்ற கம்பெனி சூயிங்கம் பாக்கெட்டோடு பேஸ்பால் கார்டுகளையும் வைத்து விற்றது. அந்த வரிசையில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு கார்டுகள். பையன்கள் சூயிங்கத்தை மென்றுவிட்டுக் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். நியூ ஜெர்சியில் பூன்டன் என்ற ஊரில் ஜிம்மி என்ற ஒருவர் இன்னொரு வேலையும் செய்தார். ஆட்டக்காரருக்குக் கடிதம் எழுதி, கார்டையும் சேர்த்து அனுப்பி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டார். அவர்களும் அனுப்பினார்கள். 2020-ல் தமது 97-வது வயதில் அவர் காலமானபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கார்டுகள் இருந்தன. ரூத் கையெழுத்திட்ட 1933 கௌடி கார்டுகளே ஆறு. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர்; சொத்து அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போனது. 'அங்கிள் ஜிம்மி தொகுப்பு' என்றே பெயர் வைத்து அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். கார்டு யாரிடம் இருந்தது, எப்படி வந்தது என்ற வரலாறு பெயரிலேயே வந்துவிடுகிறது. வாங்குபவர் பணம் கொடுப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு காலத்தில் பேனா பட்ட கார்டு என்றால் கெட்டுப்போன கார்டு, விலை இறங்கும். இன்று தலைகீழ். ஆனால் கணக்கு வேறு. கையெழுத்து இல்லாத கார்டுக்கு முனை மழுங்காமல், மடிப்பு விழாமல் இருப்பதுதான் மதிப்பு. 2022-ல், டாப்ஸ் என்ற கம்பெனி 1952-ல் வெளியிட்ட, மிக்கி மேண்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதில் கையெழுத்தே கிடையாது, காரணம் அதன் அப்பழுக்கற்ற நிலைதான். கையெழுத்திட்ட கார்டில் முனை மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை, கையெழுத்து அவருடையதா என்பதே கேள்வி. அதனால் தயவுசெய்து துடைக்காதீர்கள், ரப்பர் போட்டு அழிக்காதீர்கள், ஓரத்தை வெட்டி நேராக்காதீர்கள். கை வைக்காதீர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

சரி, கையெழுத்து அவருடையதா என்பதை எப்படிச் சொல்வது? வங்கியில் நம் கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று காசோலையைத் திருப்பி அனுப்புகிறார்கள் அல்லவா? அதே வேலைதான். ஆனால் மாதிரி எளிதில் கிடைக்காத ஆட்டக்காரரும் உண்டு. இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும்.

ஷூலெஸ் ஜோ ஜாக்சன். தென் கரோலினாக்காரர். சிறு வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர், பள்ளிக்கூடம் போய்ப் படிக்கவில்லை. பேட்டைப் பிடித்தால் அவருக்கு நிகர் வெகு சிலர்தான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. ரசிகர்கள் கேட்டால் மனைவி கேட்டி அவர் பெயரை எழுதிக் கொடுப்பார். தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் ஜோ தாமே போடுவார். எப்படி? மனைவி எழுதிக் காட்டியதைப் பார்த்து, கோலம் போடுகிற மாதிரி, ஒவ்வொரு வளைவாக வரைவார். எழுத்தை எழுதவில்லை, வரைந்தார். அதனால் அழகாக, சரளமாக ஓடுகிற ஜோ ஜாக்சன் கையெழுத்து என்றால் சந்தேகப்பட வேண்டும். தயங்கித் தயங்கி, நடுங்கி நிற்கிற கையெழுத்து என்றால் நெஞ்சு படபடக்கும். அவர் கையெழுத்திட்ட 1911-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று 2021-ல் 14 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. 1919 உலகத் தொடர் சூதாட்ட விவகாரத்தில் ஆட்டத்திலிருந்தே விலக்கப்பட்டு, 1951-ல் இறந்த மனிதர். அந்தக் கோணல் எழுத்தைப் படத்தில் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். அப்புறம், வேறு பல ஆட்டக்காரர்களுக்கும் மனைவியோ, உடைமாற்றும் அறையில் வேலை பார்க்கும் பையனோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுண்டு. ரப்பர் முத்திரை குத்தி அனுப்பியவர்களும் உண்டு.

இன்னொன்று, மை. கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மை ஊற்றி எழுதும் பேனா என்றால் மை அட்டைக்குள் ஊறி, காலப்போக்கில் பழுப்பேறியிருக்கும். பால்பாயின்ட் என்றால் அட்டையில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். இதில் என்ன என்கிறீர்களா? பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபரில், நியூயார்க்கில். லூ கெஹ்ரிக் என்ற பெரிய ஆட்டக்காரர் இறந்தது 1941 ஜூனில். ஆகவே பால்பாயின்டில் கெஹ்ரிக் கையெழுத்து என்று யார் நீட்டினாலும் பெட்டியை மூடிவிடலாம்.

பொய்க் கையெழுத்து என்பது பெரிய வியாபாரம். 1990-களில் சான் டியேகோவில் எஃப்.பி.ஐ. தொடங்கிய விசாரணையில், அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகள்கூடப் பிடிபட்டன. அதற்குப் பிறகு வாங்குபவர்கள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்களின் சான்று இல்லாத கையெழுத்துக்குப் பெரிய ஏல நிறுவனங்களில் கை தூக்க ஆள் வருவது கடினம். அந்தச் சான்றுக்கு உங்கள் பக்கத்திலிருந்து வலு சேர்ப்பதுதான் உறை. அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். அந்தத் தேதியில் அந்த அணி அந்த ஊரில் ஆடியதா என்று பழைய ஆட்ட அட்டவணையில் பார்த்துவிடலாம். தாத்தா எழுதிய கடிதத்தின் நகல், பெயர்ப் பட்டியல் எழுதிய நோட்டு, எல்லாமே சாட்சி. கார்டை எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுகிறார்கள். வேண்டாம், போடாதீர்கள்!

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஏலத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய பெயர்களைத் தனித்தனியாக ஏலம் விடுங்கள், மற்றவற்றைக் கட்டுக்கட்டாக விடுங்கள், ஆனால் எல்லாவற்றிலும் தாத்தாவின் பெயர் ஒட்டியிருக்கட்டும். விழுந்த ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் ஏறக்குறைய 20 சதவீதம் ஏல நிறுவனத்துக்குக் கட்டுவார். செய்தியில் வரும் விலை அதையும் சேர்த்தது, உங்கள் கைக்கு வருவது அதுவல்ல. உங்களிடம் பிடிக்கும் கமிஷனைப் பேசிக் குறைக்கலாம். குறைந்தபட்ச விலை வைக்க முடியுமா, விற்காமல் திரும்பினால் கட்டணம் உண்டா, பணம் எத்தனை நாளில் வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வரி: சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு அமெரிக்க மத்திய அரசு 28 சதவீதம் வரை போடும். ஆனால் வாரிசாக வந்தது என்றால், அவர் இறந்த நாளில் இருந்த மதிப்பிலிருந்துதான் லாபத்தைக் கணக்கிடுவார்கள். அதனால் அந்த நாளைய மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கணக்காளரைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.