கரண்ட் போனால் பக்தி போகுமா?

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் பழைய காஸ்பல் பாட்டில், அதாவது கிறிஸ்தவ பக்திப் பாட்டில், ஆளை உலுக்குவது குரலா, எலெக்ட்ரிக் கிட்டாரா? நான் கிட்டார் அணி.

சற்று முன் குரல் அணித் தலைவர் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "கரண்ட் போனால் இவர்கள் பக்தியும் போய்விடும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, அதை எதில் சொன்னீர்கள்? மைக்கில்! குரலே போதும் என்று வாதாட வந்தவர், மைக் ஒரு தடவை கொர்ரென்றதும் பேச்சை நிறுத்திவிட்டு ஆபரேட்டரைத் தேடினாரா இல்லையா?

கரண்ட் என்றதும் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். 1964 மே 7, இங்கிலாந்து, மான்செஸ்டர். பயணிகள் ரயில் நின்றுபோன ஒரு பழைய ஸ்டேஷன். அதைக் கிரனாடா தொலைக்காட்சிக்காரர்கள் மேடையாக்கினார்கள். இந்தப் பிளாட்பாரத்தில் கலைஞர்கள், எதிர்ப் பிளாட்பாரத்தில் ரசிகர்கள், நடுவில் தண்டவாளம். பிடித்தது பாருங்கள் மழை! விட்டதும் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் காஸ்பல் பாடகி சிஸ்டர் ரோசெட்டா தார்ப். வயது 49. நீளக் கோட்டு, ஹை ஹீல்ஸ். எடுத்து மாட்டுகிறார் வெள்ளை கிப்சன் கிட்டாரை.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டாலே நம் வீட்டில் என்ன திட்டு விழும்! இந்த அம்மா நனைந்த பிளாட்பாரத்தில் கரண்ட் கிட்டாரோடு நிற்கிறார். நின்றால் பரவாயில்லை, முதலில் பாட வைத்திருந்த பாட்டையே மாற்றிவிட்டார். எந்தப் பாட்டுக்கு? பைபிளில் வரும் நோவா காலத்துப் பெருமழைப் பாட்டுக்கு! மறுபடி சொல்கிறேன், எதிரணி குறித்துக்கொள்ளட்டும்: கொட்டித் தீர்த்த மழை, ஈரப் பிளாட்பாரம், கையில் கரண்ட் கிட்டார், பாடுவது மழைப் பாட்டு. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுக் கிட்டாரை மட்டும் பேச விட்டாரே, அங்கே குரல் எங்கே இருந்தது தலைவரே? ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது!

சரி, தலைப்புக்கும் இரண்டு வார்த்தை. அந்தப் பெந்தெகொஸ்தே சபைகளில் கைத்தட்டும், சலங்கை கோத்த டாம்பரின் பறையும் கூரையைப் பெயர்க்கும். சாதா கிட்டார் அதில் காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயர் வந்ததும் கிட்டார் எழுந்து நின்றது. வால்வு ஆம்ப்ளிஃபயரை அது தாங்குகிற அளவுக்கு மேல் திருகினால் சத்தம் கரகரவென்று உடையும், தொண்டை கட்டிய பிறகும் நிறுத்தாத பிரசங்கியார் மாதிரி. பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் என்ற காஸ்பல் கலைஞரின் வாசிப்பில் அதே கிட்டாரின் சத்தம் மெல்ல நடுங்கும். யூட்டா ஸ்மித் என்ற போதகர் முதுகில் வெள்ளைச் சிறகுகளைக் கட்டிக்கொண்டே எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். அதை நாம் செய்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ஆனால் ஐயா, சிரித்தது போதும். 1915இல் ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்து, ஊழியம் செய்த தாயோடு சபை சபையாகப் பாடி வளர்ந்த பிள்ளை அந்த ரோசெட்டா. 1938இல் நைட் கிளப்பில் பாடினார் என்று சபைக்காரர்களே முகம் சுளித்தார்கள். 1970இல் பக்கவாதம். சர்க்கரை நோயில் ஒரு காலும் போனது. அதற்குப் பிறகும் மேடை ஏறினார். 1973இல் பிலடெல்பியாவில் கண்மூடினார். கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை ஐயா! 2008இல் கச்சேரி வைத்துக் காசு திரட்டிய பிறகுதான் கல் வந்தது. ராக் அண்ட் ரோல் கலைஞர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பெயர் 1986இல் ஏறியது. எல்விஸ் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோதே இசைத்தட்டு வெளியிட்டவர் இந்த அம்மா. அவர் பெயர் ஏறியது 2018இல்!

மணி அடித்துவிட்டீர்கள், அமர்கிறேன். தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவையோரே, எனக்குத் தட்ட வேண்டாம். அந்த அம்மாவுக்குத் தட்டுங்கள், எதிரணியும் சேர்ந்து!