பந்து வராத கைகள்

(அட்லாண்டாவில் தமிழ் நண்பர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஜார்ஜியாவில், அதுவும் ஃபுட்பால் சீசனில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இத்தனை பேர் டி.வி.யை விட்டு எழுந்து வந்திருக்கிறீர்கள். அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

கல்லூரி ஃபுட்பாலில் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) திறமை இருந்தும் தங்கள் அணி முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளாத ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆட்டம் அவ்வளவாகத் தெரியாதவர்களுக்காக ஒன்றே ஒன்று. கிரிக்கெட்டில் சச்சினை இறக்கிவிட்டால் பந்து அவரைத் தேடி வந்தே ஆக வேண்டும். இங்கே அப்படியில்லை. பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வரும். அவர் ஒன்று பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கிடம் கொடுப்பார், இல்லை வீசுவதைப் பிடிக்கிற ரிசீவருக்கு வீசுவார், இல்லை தானே ஓடுவார். அந்த முறை என்ன ஆட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கோச் மைதானத்துக்கு வெளியே நின்றபடியே முடிவு செய்துவிடுவார். ஆக, உலகத்திலேயே பெரிய திறமைசாலியாக இருந்தாலும், யாராவது பந்தைக் கொடுத்தால்தான் உண்டு.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜார்ஜியா டெக்கிலிருந்து தொடங்குவோம். நம் பிள்ளைகள் பலர் படித்த இடம். 2004 முதல் 2006 வரை அங்கே கால்வின் ஜான்சன் என்ற ரிசீவர் ஆடினார். 6 அடி 5 அங்குல உயரம், அந்த உடம்புக்கு நம்ப முடியாத வேகம். பிற்பாடு டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணியில் 'மெகாட்ரான்' என்று பெயர் வாங்கியவர். 2012-இல் ஒரே சீசனில் 1964 யார்டு (பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்) எடுத்து, ஜெர்ரி ரைஸின் சாதனையை முறியடித்தார்.

அவரை டெக் ஓரங்கட்டியது என்று சொன்னால் அது பொய். 2006-இல் 76 கேட்ச், 15 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது). நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலட்நிகாஃப் விருதும் வாங்கினார். அப்புறம் என்ன குறை? வீசுகிற கை. அந்த ஆண்டு குவார்ட்டர்பேக் ரெஜி பால் வீசியதில் பாதிகூட யார் கையிலும் போய்ச் சேரவில்லை. டிசம்பர் 2006, ஜாக்சன்வில், டெக் இருக்கும் ஏ.சி.சி. என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் சாம்பியன்ஷிப் ஆட்டம், எதிரணி வேக் ஃபாரஸ்ட். பால் 29 முறை வீசினார், 9 மட்டுமே சேர்ந்தது. அந்த ஒன்பதில் எட்டைப் பிடித்தவர் ஜான்சன். மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒன்று! ஆட்டம் 9-6 என்று முடிந்தது. டெக் ஒரு டச்டவுன்கூட போடாமல் தோற்றது.

சரியாக ஒரு மாதம் கழித்து, புத்தாண்டு அன்று, அதே ஜாக்சன்வில் மைதானத்தில் கேட்டர் பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டம். தேர்வு மதிப்பெண் போதாமல் பாலால் அன்று ஆட முடியவில்லை. அதுவரை பெஞ்சில் இருந்த டெய்லர் பென்னெட் இறங்கினார். ஜான்சனுக்கு 9 கேட்ச், 186 யார்டு, 2 டச்டவுன். டெக் 35-17 என்று முன்னே போனது. பிறகு வெஸ்ட் வர்ஜீனியா துரத்திப் பிடித்து 38-35 என்று ஜெயித்தது வேறு கதை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவர் வயிறும் எரிந்திருக்கும்: இந்தப் பென்னெட்டை ஏன் இதற்கு முன்னால் இறக்கவில்லை?

ரெஜி பாலைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். முதல் வருடத்திலிருந்தே, நாலு வருடம், அவரைத்தான் கோச் இறக்கினார். ஓட்டத்தில் கெட்டிக்காரர், கோச்சுக்குப் பழகின ஆள். தெரிந்த குறையோடு இருப்பவரை வைத்துக்கொள்ளலாமா, தெரியாத ஆளை இறக்கிப் பார்க்கலாமா என்று வந்தால், வேலை போகும் பயத்தில் இருக்கும் கோச் தெரிந்தவரைத்தான் பிடித்துக்கொள்வார். வருகிற சனிக்கிழமை ஜெயித்தாக வேண்டுமே! அந்தப் பயத்துக்கான விலையைக் கட்டுவது பெஞ்சில் இருக்கும் பையனும், பந்துக்காகக் காத்திருக்கும் பையனும். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இவ்வளவுதான். கண் தெரியாத கோச்சுகள் குறைவு, பயந்த கோச்சுகள் அதிகம்.

டெக்கிலேயே இன்னொருவர், டெமேரியஸ் தாமஸ். 2008-இல் பால் ஜான்சன் (முன்னே சொன்ன பாலும் இல்லை, ஜான்சனும் இல்லை, இவர் வேறு) கோச்சாக வந்தார். அவருடைய முறை 'டிரிபிள் ஆப்ஷன்'. ஓடு, ஓடு, மறுபடி ஓடு. ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு முறை வீசினாலே அதிகம். ரிசீவர்களுக்கு இது வனவாசம் என்று பேச்சு. ஆனால் 2009-இல் தாமஸ் பிடித்தது 46, எடுத்தது 1154 யார்டு. ஒரு கேட்சுக்கு 25 யார்டு! எப்படி? ஓட்டத்தை மறிக்க எதிரணி மொத்தமும் முன்னால் வந்து குவியும். தாமஸுக்குக் காவல் ஒரே ஆள். பந்து வந்தால் அவ்வளவுதான், விட்டது ஓட்டம். 2010 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், டென்வர் அணி அவரை முதல் சுற்றிலேயே, 22-ஆவதாக எடுத்தது. குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் அங்கே வந்த பிறகு தொடர்ந்து மூன்று சீசன் 1400 யார்டைத் தாண்டினார். ரிசீவருக்குப் பாதகம் என்று எல்லாரும் சொன்ன முறைதான் அவரை அப்படி எடுத்துக் காட்டியது. 2021 டிசம்பரில், 33 வயதில், அவர் இறந்துபோனது இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

நில்லுங்கள், கதை அதோடு முடியவில்லை. அதே டெக், அதே முறை, 2011. ஸ்டீபன் ஹில் என்று ஒருவர். உயரம், வேகம் எல்லாம் அச்சு அசல் அதே மாதிரி. 28 கேட்ச், 820 யார்டு. 'ஆஹா, இவரையும் சரியாகப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார்கள்' என்று நியூயார்க் ஜெட்ஸ் 2012-இல் இரண்டாம் சுற்றில் எடுத்தது. இரண்டே சீசன்! மொத்தம் 45 கேட்ச். அனுப்பிவிட்டார்கள். பந்து வராத கையெல்லாம் பொன் கை ஆகிவிடாது. நம் வீட்டிலும் 'என் பையனுக்குச் சான்ஸே கொடுக்கவில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. சில சமயம் அது நிஜம். சில சமயம் கோச் சொல்வதுதான் நிஜம்.

ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கலிஃபோர்னியாவில் அவர் ஆடிக்கொண்டிருந்த லாங் பீச் கல்லூரி, 1991 சீசனோடு ஃபுட்பாலையே இழுத்து மூடியது. ஏதன்ஸுக்கு, ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் முன்னால் நின்றவர் காரிசன் ஹெர்ஸ்ட், அந்த 1992-இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் மூன்றாவது. ஹெர்ஸ்ட் போன பிறகு அணி குவார்ட்டர்பேக் எரிக் சைய்யரின் கையை நம்பி வீச்சுக்கு மாறியது. கடைசி வருடம் காலில் தசைக் காயம். 1995 டிராஃப்டில் ஆறாவது சுற்று, 196-ஆவது ஆள். டென்வர் கேம்ப்பில் அவருக்கு முன்னால் ரன்னிங் பேக்குகள் வரிசையாக நின்றார்கள். டோக்கியோவில் ஒரு பயிற்சி ஆட்டம். அங்கிருந்து பேசாமல் ஊர் திரும்பிவிடலாமா என்று யோசித்ததாக அவரே பிற்பாடு சொன்னார். அன்று அவரை இறக்கியது ஓடுவதற்குக்கூட இல்லை, கிக்ஆஃபில், அதாவது பந்தை உதைத்து ஆட்டம் தொடங்கும்போது, எதிரணி ஆளைப் பிடிக்க. ஓடிப்போய் மோதிய மோதலில் பந்தோடு வந்தவர் மல்லாந்தார். கோச் மைக் ஷானஹன் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடத்தில், தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஆட்ட நாயகன். 1998-இல் 2008 யார்டு. இந்தக் கதையில் ஜார்ஜியாமேல் எனக்குப் பாதிக் கோபம்தான். காயத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?

முழுக் கோபம் எனக்கு டென்னசிமேல். ஆல்வின் கமாரா. இவரும் ரன்னிங் பேக், நார்கிராஸ் ஹைஸ்கூல் பையன். நீங்கள் வாராவாரம் மளிகை வாங்கப் போகிற அதே நார்கிராஸ். முதலில் அலபாமா போனார். அங்கே யெல்டன், டெரிக் ஹென்றி என்று முன்னால் ஒரு பட்டாளமே இருந்தது, முழங்கால் அறுவை சிகிச்சை வேறு. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கிளம்பி, கான்சஸில் ஹச்சின்சன் என்ற இரண்டு வருடக் கல்லூரியில் ஒரு சீசன். பிறகு டென்னசி. 2015-இல் அங்கே இன்னொரு ரன்னிங் பேக் ஜேலன் ஹர்டுக்கு ஓடுவதற்கு 277 முறை பந்து, கமாராவுக்கு 107. அடுத்த வருடம் 103. 2016 அக்டோபரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டத்துக்கு ஹர்டு இல்லை. அன்று ஒரே ஆட்டத்தில் கமாரா எடுத்தது மொத்தம் 312 யார்டு. அதற்குப் பிறகாவது விழித்துக்கொள்ள வேண்டாமா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2017-இல் மூன்றாம் சுற்றில் அவரை எடுத்த நியூ ஆர்லியன்ஸ் செய்ன்ட்ஸும் அவருக்கு மூட்டை மூட்டையாகப் பந்து தூக்கக் கொடுக்கவில்லை. மார்க் இங்ரமோடு பங்கு போட்டுத்தான் ஆடினார். ஓட்டத்துக்கு 120 முறைதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. டென்னசியில் இரண்டு வருடத்தில் அவர் பிடித்தது 74 பாஸ். செய்ன்ட்ஸில் முதல் சீசனிலேயே 81. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருது கையில். அவர் உடம்பை நடுவே போட்டு இடிக்க விடாமல், ஓரத்தில் காலி இடம் பார்த்துப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். எத்தனை முறை என்பதைவிட எங்கே, எப்படி என்பதில்தான் டென்னசி கோட்டைவிட்டது.

'பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்குப் போக வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். அப்போது அது லேசில்லை. ஐந்து வருடத்துக்குள் நாலு சீசன் ஆடி முடிக்க வேண்டும் என்பது கணக்கு. பெரிய கல்லூரி விட்டு இன்னொரு பெரிய கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். கோச் மட்டும் சம்பளத்தை உயர்த்திக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போவார்! பட்டம் வாங்கிவிட்டால் மட்டும் அந்த உட்காரும் தண்டனை கிடையாது. அந்த வாசல் வழியாக வெளியே வந்தவர்தான் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று வருடத்தில் மொத்தம் 39 பாஸ்தான் வீசினார். 2018-இல் எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாறினார். 2019-இல் 60 டச்டவுன் பாஸ், ஹைஸ்மன் விருது, 15 ஆட்டத்தில் 15 வெற்றி. 2021-இல்தான் எல்லாருக்கும் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்று விதி வந்தது. பிறகு அந்த ஒருமுறைக் கணக்கும் போய்விட்டது. இப்போது சீசன் முடிந்தால் பாதி அணி பெட்டி கட்டுகிறது என்று கோச்சுகள் புலம்புகிறார்கள். புலம்பட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஹைஸ்கூலில் நன்றாக ஆடி, கல்லூரி கோச் ஒருவர் வீடு தேடி வந்து சோபாவில் உட்கார்ந்தால், மைதானம் எவ்வளவு பெரிசு, டி.வி.யில் வருமா என்று கேட்காதீர்கள். பையன் ரன்னிங் பேக் என்றால், போன வருடம் உங்கள் ரன்னிங் பேக் எத்தனை பாஸ் பிடித்தார் என்று கேளுங்கள். ரிசீவர் என்றால், வீசப்போவது யார், அவர் வீசியதில் நூற்றுக்கு எத்தனை போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். அவர் மழுப்பினாலும் கவலையில்லை, ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு இணையத்தில் கிடக்கிறது. காபி கொடுத்து அனுப்பிவிட்டு நிதானமாகப் பாருங்கள்.