துறவியின் லாந்தர்

வணக்கம் நேயர்களே.

படங்களைப் பற்றிப் பேச வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். பரவாயில்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் மனசுக்குள் வரைந்துகொள்ளுங்கள். பனி மூடிய மலையுச்சி. சாம்பல் நிற அங்கி அணிந்த கிழவர் ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். இடது கையில் நீண்ட கோல், வலது கையில் தூக்கிப் பிடித்த லாந்தர். லாந்தருக்குள் திரி இல்லை, ஆறு முனை நட்சத்திரம் ஒன்று எரிகிறது. குறி பார்க்க எடுக்கும் டாரட் சீட்டுக்கட்டில் ஒன்பதாம் எண் சீட்டு இது. துறவி என்று பெயர். ஐப்பசி முதல் தேதி காலையில் என் கைக்கு வந்தார். அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில், எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இந்தச் சீட்டெல்லாம் எதற்கு என்று என் பழைய மாணவர்கள் கேட்கக்கூடும். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த கட்டு அது. முதலில் ரம்மி ஆடத்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பெரிய தப்பும் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான் பிரபுக்களின் மாளிகைகளில், டாரட் ஒரு சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. பிரான்சில் இன்றைக்கும் அதை வைத்து விளையாடுகிறார்கள். மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டு, மீதி 56 நம் சாதாரணக் கட்டைப் போல நான்கு இனம்: கோல், கிண்ணம், வாள், நாணயம். நெருப்பு, நீர், காற்று, நிலம் என்று அவற்றுக்குப் பொருள் சொல்வார்கள். ஆகாயத்தைக் காணோமே என்று எனக்கு முதல் நாளே குறை.

குறி சொல்லும் வேலை அதற்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான். 1781-ல் பாரிசில் கூர் த ஜெபலன் என்பவர், இது பழைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதிவைத்தார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழி பிடிபட்டதே 1822-ல்தான் என்பதால், அன்றைக்கு அவரை மறுத்துப் பேச ஆளில்லை. நாம் இன்று கடைகளில் பார்க்கும் படங்கள் இன்னும் பிந்தியவை. 1909-ல் லண்டனில் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தார். அதுவரை பெரும்பாலான கட்டுகளில் எட்டுக் கிண்ணம் என்றால் எட்டுக் கிண்ணம் மட்டும்தான் இருக்கும். இவர் பெரும்பாலானவற்றில் மனிதர்களை நிறுத்தி, ஒரு கதை நடக்க வைத்தார். பெரிய வேலை, சொற்பக் காசு என்று ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். 1951-ல் வறுமையில் இறந்தார்.

சரி, சீட்டு எதிர்காலம் சொல்லுமா? சொல்லாது. நான் அப்படி நம்பவில்லை. பிறகு எதற்கு எடுக்கிறீர்கள் என்றால், முல்லைப்பாட்டுக்குப் போக வேண்டும்.

போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை. முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நாழி நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைகூப்பி நிற்கிறார்கள். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். யார் வாயிலிருந்தாவது தற்செயலாக ஒரு சொல் காதில் விழ வேண்டும். தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து ஓர் ஆயர் மகள், 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். இதோ வந்துவிடுவார்கள் உன் தாய்மார் என்று. அவள் பேசியது கன்றோடு. இவர்கள் தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள். நல்ல சொல் கேட்டோம், உன் தலைவன் வருவான், அழாதே என்று தலைவியிடம் வந்து சொல்கிறார்கள்.

வகுப்பில் பல வருடம் இதோடு நிறுத்திவிட்டேன். அடுத்த வரிதான் முக்கியம் என்பது இந்தச் சீட்டுக்கட்டு வந்த பிறகே உறைத்தது. 'காட்டவும் காட்டவும் காணாள்' என்கிறார் புலவர். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவள் தேறவில்லை, இன்னும் அதிகமாக அழுகிறாள். நற்சொல் கிடைத்தும் துயரம் அப்படியே இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதிய மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சீட்டு எனக்கு அந்த ஆயர் மகளின் சொல் மாதிரி. அது என்னோடு பேசவில்லை. ஆனால் காது கொடுத்து நிற்கும்போது, நான் எதற்காக நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. சாமி சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பவர்களுக்கு இது புரியும். வெள்ளைப் பூ வரவேண்டும் என்று எந்தக் கணத்தில் மனசு தவிக்கிறதோ, அப்போதே விடை வந்தாயிற்று. பொட்டலத்தைப் பிரிப்பது சும்மா.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். உடம்புக்கு, வழக்குக்கு, கடனுக்குச் சீட்டு எடுப்பதில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். கிளி ஜோசியக்காரர் எட்டணா வாங்கிக்கொண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவார். இப்போது கிளியைக் கூண்டில் அடைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அது சரிதான். ஆனால் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு, மின்னல் தாக்கி இடியும் கோபுரச் சீட்டைக் காட்டி, வீட்டில் தோஷம் என்று பயமுறுத்தி, பரிகாரத்துக்கு இருபத்தோராயிரம் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

இனி அந்தப் பனிமலை விஷயம். நம் ஊருக்கு அந்தப் பருவம் ஏது? டாரட் எடுப்பவர்களில் பலர் பேகன் பருவச் சக்கரத்தையும் சேர்த்தே பின்பற்றுகிறார்கள். பேகன் என்றதும் மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் நினைவுக்கு வந்தால் அவர் இல்லை இவர். லத்தீனில் பாகானுஸ் என்றால் நாட்டுப்புறத்தான், நம் வாயில் பட்டிக்காட்டான். கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியக் கிராம வழிபாடுகளை மீட்டெடுக்க விரும்புகிறவர்கள் அந்தப் பெயரைப் பெருமையோடு சூடிக்கொண்டார்கள். வருடத்தை எட்டாகப் பிரித்து எட்டு விழா. நவம்பர் தொடக்கத்தில் 'சாவின்' என்ற விழா: மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வீடு திரும்பும், இருட்டுக் காலம் ஆரம்பம், இறந்தவர்களை நினைக்கும் இரவு. டிசம்பர் 21-ஐ ஒட்டி யூல், சூரியன் மறுபடி பிறக்கும் நாள். மே முதல் தேதி பெல்டேன். ஆகஸ்ட் முதல் தேதி லூனஸா, முதல் அறுவடை. சாவினும் பெல்டேனும் அயர்லாந்தில் உண்மையிலேயே பழையவை. எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது மட்டும் 1950-களில், பிரிட்டனில். விக்கா என்ற இக்கால பேகன் நெறியைத் தொடங்கிய ஜெரால்டு கார்ட்னரும், ராஸ் நிக்கல்ஸ் என்ற அவருடைய நண்பரும் அதில் முக்கியமானவர்கள். புதிதாகக் கோத்தது என்பதால் மதிப்புக் குறைவில்லை. நம் வீட்டுக் கொலுப்படியும் வருடா வருடம் புதிதாக அடுக்குவதுதானே.

என் தங்கை மகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஆகஸ்ட் முதல் தேதி மேசையில் கோதுமைக் கதிர் வரைந்து வைத்து, 'பெரிம்மா, இன்னிக்கு நாம என்ன அறுவடை பண்ணோம்னு யோசிக்கணும்' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஆடி மாசம். இரண்டு நாளில் ஆடிப் பதினெட்டு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று என் பாட்டி சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். அங்கே கதிர் அறுக்கும் வாரத்தில் இங்கே விதை போடுகிறோம். விதைக்கிற நேரத்தில் உட்கார்ந்து விளைச்சலைக் கணக்குப் பார்த்தால் மனசு சோர்ந்துதானே போகும்? என் வாழ்க்கையில் ஒன்றுமே விளையவில்லையே என்று அவள் அன்று மாலை நிஜமாகவே கண் கலங்கினாள். அவளுக்கு இருபத்தாறு வயது, வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம்!

வெளிச்சமும் அப்படித்தான். லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் பகல் பதினாறரை மணி நேரம். அங்கே சூரியன் பிழைத்து வருவது கண்ணால் பார்க்கும் சங்கதி. பெங்களூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு வேறொன்று உண்டு. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு நாள், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த கம்புக்கு நிழலே இல்லாமல் போகும். லண்டன்காரர் இதற்கு விமானம் ஏற வேண்டும். பொங்கல் நாள் சாயங்காலம் கவிபுரம் குகைக்கோயிலில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே வெயில் நுழைந்து லிங்கத்தின் மேல் விழுவதைப் பார்க்கக் கூட்டம் நெரியும். சூரியனைக் கொண்டாட இந்த ஊரில் நாள் இல்லாமலா இருக்கிறது?

அதனால் சீட்டை வைத்துக்கொண்டு சக்கரத்தை மாற்றிவிட்டோம். எட்டுக்குப் பதில் ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒவ்வொரு பெரும்பொழுதின் முதல் நாளும் ஆளுக்கு ஒரு சீட்டு. இரண்டு மாதம் அது ஜன்னலில் நிற்கும். நோட்டில் இரண்டு வரி எழுதுவோம். கூடவே அன்றைக்குத் தெருவில் என்ன பூத்திருக்கிறது, சந்தையில் என்ன வந்திருக்கிறது என்பதும். முன்பனிக்கு அவரைக்காய், பின்பனிக்கு ரோஜா நிற டபேபுயா மரப்பூ, முதுவேனிலுக்கு ஜன்னலை அறையும் மேல்காற்று. ஐப்பசி, கார்த்திகை சேர்ந்த கூதிருக்கு மழையும் பசவனகுடிக் கடலைக்காய்ப் பரிஷே என்ற நிலக்கடலைத் திருவிழாவும்.

போன வருடம் கூதிரில் எனக்கு வந்தது எட்டுக் கிண்ணம். கீழே ஐந்து, மேலே மூன்று அடுக்கியிருக்கும். மேல் வரிசையில் ஓர் இடைவெளி. அவற்றை விட்டுவிட்டு, நிலவின் கீழே ஒருவர் கோலூன்றி மலைப்பக்கம் நடந்து போகிறார். நான் கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் வரை தோண்டிய இடத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபோது நாங்களும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பெங்களூர் வந்தோம். சீட்டைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இரண்டு மாதம் பால் காய்ச்சும்போதெல்லாம் கண்ணில் பட்டது கிண்ணங்களோ போகிற ஆளோ இல்லை, அந்த இடைவெளி. அங்கே எது இருந்திருக்க வேண்டும்? வீடா? இல்லை. பக்கத்து லைன் வீட்டு அக்கா. அம்மாவுக்கு முடியாமல் கிடந்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டவர். அம்மா சாவுக்குப் பிறகு ஒரு தடவைகூட நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயில் பிடித்துப் போனேன். 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?' என்று திட்டினார். சீட்டுக் கதையைச் சொன்னதும் இன்னும் கோபம். 'என்னைப் பாக்க வர்றதுக்கு உனக்கு ஒரு சீட்டு வேணுமாடி?'

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை போகிறேன். போன ஞாயிறு இந்தத் துறவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். மேல்நாட்டு முனிவர், தனிமை, தன்னைத் தேடுதல் என்று விளக்க வாயெடுத்தேன். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

'என்னடி முனிவரு? கைல லாம்பு, கைல தடி, மேல தூசி. நைட் ஷிஃப்ட் முடிச்சு மேல வந்து நிக்கிறாரு. உங்கப்பா இப்படித்தான் வருவாரு, நெனப்பில்லையா?' என்றார்.

வணக்கம்.