எல்லா பி-ஸ்கூலும் கையை விரித்துவிட்டன, இனி என்ன?

வணக்கம் மக்களே. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் எம்பிஏவுக்கு விண்ணப்பித்த எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. எதிலும் இடமில்லை. வெயிட்லிஸ்ட் என்றாலாவது ஜூன், ஜூலை வரை நகரும், பார்த்துக்கொண்டிருக்கலாம். அதுவும் இல்லை. ஆறுதல் யாரும் சொல்ல வேண்டாம். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாயிற்று, ஆம்பூர் போய் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டாயிற்று. இப்போது கணக்குப் பார்க்கலாம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக: நான் மெக்கானிக்கல் படித்தவன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் பிளானிங் வேலை. சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ்.

என்னைக் குழப்பியது ஒன்றுதான். இருப்பதிலேயே நன்றாகப் போன இன்டர்வியூதான் முதலில் 'வருந்துகிறோம்' என்று மெயில் அனுப்பியது. அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன், நம்ம பக்கத்துப் பசங்களுக்கு உதவும்.

"பிளானிங் என்றால் எக்ஸெல் ஷீட் போடுவதா?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நான் தோலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு தோல் மாதிரி இன்னொரு தோல் இருக்காது. முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், இழுத்தால் அவ்வளவாக நீளாது. வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு எல்லாம் அப்படியே தெரியும். எங்கள் கட்டிங் அண்ணன் தோலை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தை வட்டம் போட்டு வைப்பார். ஷூவின் முன்பக்கம் வரும் வாம்ப் துண்டு நல்ல இடத்திலிருந்து. உள்ளே மறையும் துண்டுகள் வயிற்றுப் பக்கத்திலிருந்து. தோலை வாங்குவது சதுர அடிக் கணக்கில். ஒரு ஜோடிக்கு இவ்வளவு சதுர அடி ஆகும் என்று ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு முன்பே விலை சொல்லியிருப்போம். லாட் மோசமாக வந்துவிட்டால், தையல் ஆரம்பிப்பதற்கு முன்பே லாபம் போய்விடும். அது போகாமல் பார்ப்பதுதான் என் வேலை என்றேன்.

அடுத்த கேள்வி, தோல் ஆலைக் கழிவுநீர் கலந்து கெட்டுப்போன பாலாறு. வேலூர்ப் பக்கம் ஊர், தோல் கம்பெனியில் வேலை என்று எழுதினால் இது வராமல் இருக்காது. 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' தீர்ப்பை நாட்டில் சட்டம் படிக்கும் எல்லாரும் படிக்கிறார்கள், நம்ம ஊரில்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. மாசுபடுத்தியவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதை நம் டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீர் வழக்கில்தான் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் ஏற்றது. ஒரே குடும்பத்தில் அண்ணன் டேனரிக்கு வேலைக்குப் போவார், தம்பி கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்று புலம்புவார். அதையும் சொன்னேன். தலையாட்டினார்கள், சிரித்தார்கள். அப்புறம் கிடைத்தது அந்த மெயில்.

(பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் மன்னிக்கவும், க்ரீன் சர்க்கிள் பக்கம் நடந்துகொண்டே பேசுகிறேன்.)

அதற்கப்புறம்தான் அந்தக் கல்லூரியின் சேர்க்கை விதிமுறை பிடிஎஃபை எடுத்து உட்கார்ந்தேன். ஐஐஎம்கள், அதாவது மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகள், இதைத் தங்கள் தளத்திலேயே போட்டுவிடுகின்றன. கேட் (CAT, எம்பிஏ நுழைவுத் தேர்வு) மதிப்பெண், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, வேலை அனுபவம், வேறு துறையில் படித்தவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் வெயிட்டேஜ் இருக்கும். இன்டர்வியூவும் அந்தக் கூட்டலில் ஒரு எண்தான். என் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் சுமார். நான் ஆண், அதுவும் இன்ஜினியர். இன்டர்வியூவில் எவ்வளவு அள்ளினாலும் கூட்டி வரும்போது பள்ளம் நிரம்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்பைத் திரும்ப எழுத முடியாது இல்லையா?

அதனால் 'இன்னும் கஷ்டப்பட்டுப் படி, அடுத்த கேட்டில் பார்த்துக்கலாம்' என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கஷ்டப்படலாம், ஆனால் பட்டியலை மாற்றாமல் கஷ்டப்படுவது வீண். பள்ளி மார்க்குக்கு அதிகம் கொடுக்கும் இடங்களை அடித்துவிட்டேன். ஒரு ஷீட்டில் ஒவ்வொரு இடத்தின் வெயிட்டேஜையும் என் எண்களையும் போட்டுப் பார்த்து, தேறும் இடங்களை மட்டும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு வழி, இன்னும் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சேர்வது. கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்குத்தான் உதவும், ஜிமேட் என்ற இன்னொரு நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 5 வருஷம் செல்லும். கட்டணம் இருபதாயிரத்தைத் தாண்டும், வயிறு எரியும். ஆனால் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) மாதிரி ஒரு வருஷப் படிப்புகள் வேலை அனுபவத்தைக் கேட்கின்றன. கட்டிங் மேஜைக் கதைக்கு அங்கே மதிப்பு கூடும் என்பது என் கணிப்பு.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படிக்கலாமா என்று அப்பா கேட்டார். மாட்டேன் என்றேன். குடியாத்தம் கல்யாணத்தில் அத்தை பிடித்துக்கொண்டார்: "இங்கதான் விஐடியிலயே எம்பிஏ இருக்கே, எதுக்குடா ஊர் ஊரா அலையுற?" சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் தப்பான கேள்வி இல்லை. வீட்டுச் சோறு, ஹாஸ்டல் செலவு கிடையாது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, கவுன்சிலிங்கில் தமிழ்நாட்டிலேயே சேர்வதும் கௌரவக் குறைச்சல் இல்லை. கடன் எவ்வளவு, வரும் சம்பளம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஒரு காகித விஷயம், இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் ஐஐஎம்மில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) அல்லாத ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எட்டு லட்ச ஆண்டு வருமான வரம்பைப் பார்த்துப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. பெற்றோர் அரசுப் பதவியில் இருந்தால் அதற்கு வேறு விதி. இ-சேவை மையத்தில் இப்போதே கொடுத்துவிடுங்கள், தாலுகா ஆபீஸில் எப்படி இழுக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்டில் கேட் பதிவு திறக்கும். நவம்பர் கடைசியில் தேர்வு, ஜனவரியில் எக்ஸ்ஏடி (XAT) என்ற இன்னொரு எம்பிஏ நுழைவுத் தேர்வு. என்னை இழுப்பது ஆங்கிலப் பகுதிதான், அதனால் காலை பஸ்ஸில் ஒரு தலையங்கம், இரவில் கணக்கு. அடுத்த வீடியோவில் அந்த வெயிட்டேஜ் ஷீட்டைத் திறந்து, உங்கள் எண்களை எங்கே போடுவது என்று காட்டுகிறேன். வாலாஜா பஸ் வந்துவிட்டது, ஏறணும்.