சூடு பிறந்தது அடுப்பிலேதான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, வணக்கம்.

'சூடு என்ற சொல்லுக்கு வலு தருவது அடுப்பா, மனசா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி, "சூடு சொரணை, சுடுசொல், சூடான விவாதம்... எங்கே பார்த்தாலும் மனசுதான். இதில் அடுப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன் அம்மா.

முதலில் பிறப்புச் சான்றிதழ். படு என்பது பாடு ஆனது, கெடு என்பது கேடு ஆனது. அதே மாதிரி சுடு நீண்டு சூடு ஆனது. பள்ளிக்கூடத்தில் 'முதனிலை திரிந்த தொழிற்பெயர்' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஆக, சூடு தானாக முளைத்த சொல் இல்லை. சுடுவது என்ற வேலைக்குப் பிறந்த பிள்ளை. சந்தேகம் இருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கன்னடத்தில் 'சுடு' என்றால் எரிப்பது. மலையாளத்தில் வெயிலுக்கும் சாயாவுக்கும் 'சூடு'தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் நெருப்பைத்தான் கைகாட்டுகிறார்கள்.

சரி, சூடு சொரணைக்கு வருகிறேன். மாட்டுக்குச் சூடு வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? காலைக் கட்டி மாட்டைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் கங்குக்குள் சூட்டுக்கோல். அது செக்கச்செவேல் என்று ஆனதும் எடுத்துத் தொடையில் ஒரே இழுப்பு. மயிர் கருகுகிற நாற்றம் தெருமுனை வரைக்கும் வரும். இழுத்ததும் சூடு, இழுத்த இடத்தில் நிற்கிற தழும்பும் சூடு. "நல்ல மாட்டுக்கு ஒரு சூடு" என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. ஒரு தடவை பட்டது உறைத்தால் அது நல்ல மாடு. தோலுக்கு உறைக்கிற அந்தச் சங்கதியை மனுஷனிடம் தேடும்போதுதான், "உனக்குச் சூடு சொரணை இருக்கா?" என்று கேட்கிறோம் என்பது என் கட்சி.

வள்ளுவரையும் அவர்கள் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நாவினால் சுட்ட வடு ஆறாதாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறளின் முதல் சொல் என்ன? 'தீயினாற்'! தீப்புண் எப்படி எரியும் என்று தெரிந்தவனிடம்தான் நாக்கும் சுடும் என்று சொல்ல முடியும். தீயை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் நாக்கை உள்ளே விடுகிறார்.

அப்புறம் துப்பாக்கி வந்தது. அதற்கென்று புதுச் சொல் தேடினோமா? மருந்து பற்றி வெடித்தது, 'சுட்டான்' என்று சொல்லிவிட்டோம். வடையும் சுடுகிறோம், அப்பளமும் சுடுகிறோம். எதிரணியினர் மட்டும் வாயாலேயே வடை சுடுகிறவர்கள். அவர்களுக்கு அடுப்பு தேவைப்படாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதுவும் பட்டிமன்றத்தில் அனுமதி உண்டு.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நெருப்பே படாமல் பிறந்த ஒரு சூட்டை இந்த மேடையில் காட்டுங்கள். காட்டிவிட்டால் நானே எழுந்து வந்து உங்கள் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.