இரவல் வந்த விமானம் தாங்கிக் கப்பல்

வணக்கம் நேயர்களே. 1940இல் அமெரிக்கா 50 பழைய நாசகாரிக் கப்பல்களைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று நான் பேச வந்தது அமெரிக்காவே பிரிட்டனிடம் கப்பல் கேட்டு நின்ற கதை. இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

1942 அமெரிக்கக் கடற்படைக்குப் பொல்லாத ஆண்டு. மே மாதம் லெக்சிங்டன் மூழ்கியது. ஜூனில் யார்க்டவுன், செப்டம்பரில் வாஸ்ப், அக்டோபர் கடைசியில் ஹார்னெட். நான்குமே விமானம் தாங்கிக் கப்பல்கள். என்டர்பிரைஸ் குண்டடி பட்டிருந்தது. சாரடோகா டார்பிடோ தாக்கிப் பழுதுபார்க்கப் போயிருந்தது. புதிய கப்பல்கள் வந்து சேர 1943 நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை தென்பசிபிக்கின் சாலமன் தீவுகளில் ஜப்பானை எதை வைத்துத் தடுப்பது?

சரி என்று பிரிட்டன் அனுப்பிய கப்பல் விக்டோரியஸ். மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுபோன கப்பல்களுக்குக் காவலாகப் போய்வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் நார்ஃபோக் தளத்தில் அதற்கு அமெரிக்க வானொலிக் கருவிகள் பொருத்தினார்கள், குண்டு போடும் அவெஞ்சர் விமானங்கள் கொடுத்தார்கள். பனாமா கால்வாய் வழியாக மார்ச்சில் ஹவாயின் பேர்ல் துறைமுகம் வந்தது. வானொலித் தொடர்பில் அதற்கு வைத்த மறைபெயர் ராபின்.

கப்பல் வந்துவிட்டால் போதுமா? விமானம் தளத்தில் இறங்கும்போது, தளத்தின் ஓரத்தில் ஒருவர் இரண்டு கைகளிலும் மட்டை பிடித்து விமானிக்குச் சைகை காட்டுவார். பிரிட்டிஷ்காரர் கையை உயர்த்தினால் "மேலே ஏறு" என்று கட்டளை. அமெரிக்கர் கையை உயர்த்தினால் "நீ அதிக உயரத்தில் வருகிறாய்" என்று தகவல், அதாவது கீழே இறங்க வேண்டும். ஒரே சைகைக்கு நேர் எதிரான இரண்டு பொருள்! விமானிக்கு யோசிக்க நேரம் கிடையாது. தப்பாகப் புரிந்துகொண்டால் தளத்தின் பின்விளிம்பில் மோத வேண்டியதுதான். விக்டோரியஸ் ஆட்கள் அமெரிக்க முறைக்கு மாறினார்கள். ஆண்டுக்கணக்காக உடம்பில் ஊறிய பழக்கத்தை, போருக்கு நடுவில், சில வாரங்களில் மாற்றிக்கொண்டார்கள். கப்பலைக் கொடுத்ததைவிட இதைத்தான் நான் பெரிய உதவி என்பேன்.

மே மாதம் தென்பசிபிக்கின் நூமியா துறைமுகத்தில் விக்டோரியஸ் சாரடோகாவுடன் சேர்ந்தது. அங்கே இன்னொரு சிக்கல். கனத்த அவெஞ்சர்களைப் பிடித்து நிறுத்த விக்டோரியஸின் தடுப்புக் கம்பிகள் திணறின. அதனால் குண்டு போடும் விமானங்கள் சாரடோகாவுக்கும், சண்டை விமானங்கள் விக்டோரியஸுக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். அமெரிக்க விமானிகள் பிரிட்டிஷ் கப்பலில், பிரிட்டிஷ் விமானிகள் அமெரிக்கக் கப்பலில். ஜூன் 30 அன்று சாலமன் தீவுகளில் ஒன்றான நியூ ஜார்ஜியாவில் அமெரிக்கப் படைகள் கரையிறங்கியபோது இந்த இரண்டும் கடலில் காவல் நின்றன. ஏறக்குறைய நான்கு வாரம் துறைமுகம் திரும்பவில்லை. ஜப்பானிய விமானம் தாங்கிகள் எதிரே வரவே இல்லை. இதைச் சொல்லி, அந்தக் கப்பல் வந்து என்ன செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காவலுக்கு நின்றவனை, திருடன் வரவில்லையே என்று குறை சொல்ல முடியுமா?

அப்புறம்தான் கதை நம் பக்கம் வருகிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கியை மூழ்கடித்தன. 1944 தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனிடம் பெரிய விமானம் தாங்கி இல்லஸ்ட்ரியஸ் ஒன்றுதான். இந்த முறை கேட்டது பிரிட்டன், கொடுத்தது அமெரிக்கா. வந்தது வேறெதுவும் இல்லை, அதே சாரடோகா! மூன்று நாசகாரிகளுடன் மார்ச் கடைசியில் திருகோணமலை வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 19 அன்று சுமத்திராவின் வடக்கே சபாங் துறைமுகத்தை இரண்டு கப்பல்களின் விமானங்களும் சேர்ந்து தாக்கின. சுடப்பட்டுக் கடலில் விழுந்த ஓர் அமெரிக்க விமானியை, கரைப் பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பிரிட்டிஷ் நீர்மூழ்கி டாக்டீஷியன் தூக்கிக் காப்பாற்றியது. மே 17 அன்று ஜாவாவின் சுரபாயாவைத் தாக்கிவிட்டுச் சாரடோகா விடைபெற்றது. ஜூலையில் விக்டோரியஸ் இலங்கைக்கு வந்தது, அதே மாதம் சபாங்கைத் தாக்கப் போனது. 1945இல் ஒகினாவா அருகே அது பிரிட்டிஷ் பசிபிக் கப்பற்படையோடு நின்றபோது, அந்தப் படை முழுவதும் அமெரிக்கச் சமிக்ஞைப் புத்தகங்களையே பயன்படுத்திக்கொண்டிருந்தது.